பிளாக்கியை எங்கே விடுவது?

லாபிஸ், ஜொகூர்

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். இதைப் போனில் பேசினால் நீ அழுவாய், நானும் சொல்ல வந்ததில் பாதியை விட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம். அவசரமில்லாமல் இரண்டு தடவை படி. அம்மாவிடமும் அண்ணனிடமும் படித்துக் காட்டு.

வீட்டை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்குகிறது, அம்மா ஜொகூர் பாருவில் அண்ணனின் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறாள், அங்கே நாய் வளர்க்க அனுமதி இல்லை, சிங்கப்பூரில் நீ வாடகைக்கு இருக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அறையிலும் வழியில்லை, பிளாக்கியை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். “தோட்டத்து நாய்தானே, பழைய செம்பனைக் காட்டுப் பக்கம் விட்டால் எப்படியும் பிழைத்துக்கொள்ளும்” என்று அண்ணன் சொல்வதாகவும் எழுதியிருந்தாய்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டில் விடக்கூடாது. கோயில் வாசலிலும் பாசார் பின்பக்கத்திலும் விடக்கூடாது. ஆனால் பிளாக்கியை இன்னொருவர் கையில் ஒப்படைக்கலாம். அதை முறையாகச் செய்தால் அவன் நன்றாக வாழ்வான், நீயும் குற்ற உணர்வில்லாமல் வேலைக்குப் போகலாம். விடுவதற்கும் ஒப்படைப்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதுதான் இந்தக் கடிதம் முழுக்க நான் சொல்லப்போவது. பாவம், புண்ணியம் என்று சொல்லி முடித்திருப்பேன். ஆனால் நீ படித்த பிள்ளை, நானோ பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அதனால் காரணங்களோடு சொல்கிறேன்.

“பிழைத்துக்கொள்ளும்” என்ற பேச்சு நம் வட்டாரத்துக்குப் புதிதில்லை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட காலத்திலும், தோட்டங்கள் கைமாறிய காலத்திலும் நம் சனம் லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டுத் தாமான்களுக்கு வந்தது. லோரியில் பீரோ ஏறியது, சாமி படம் ஏறியது, கோழிக்கூண்டுகூட ஏறியது. நாய்கள் மட்டும் பின்னாலேயே ஓடிவந்து மண்சாலை முடிகிற இடத்தில் நின்றுவிட்டன. விடிவதற்கு முன் நெற்றி விளக்கோடு பால்மரம் சீவப் போன பெண்களுக்கு முன்னால் ஓடி, பாம்பு கிடந்தால் குரைத்துக் காட்டிய நாய்கள் அவை. வறுமையும் அவசரமும் சேர்ந்த அந்த நாளில் நம் பெரியவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உனக்கு வழி இருக்கிறது, தெரிந்துகொள்ளும் வசதியும் இருக்கிறது.

நாய் எப்படி நாயானது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஓநாய்க் கூட்டங்களில் மனிதனைக் கண்டு அவ்வளவாக மிரளாதவை நம் குடியிருப்புகளை ஒட்டி வாழத் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக மாறி நாயாயின என்பது பலர் ஏற்கும் கருத்து. ஆடு, மாடு, கோழி, ஏன் பயிர்த்தொழிலுக்கே முன்னால் நம்மோடு சேர்ந்துவிட்ட உயிர் அது. ஜெர்மனியில் போன் நகரத்துக்குப் பக்கத்தில் ஓபர்காசல் என்ற இடத்தில் 1914இல் கல்லுடைத்தவர்கள் ஒரு பழைய புதைகுழியைக் கண்டார்கள். ஏறக்குறைய 14,000 ஆண்டுகளுக்கு முந்தியது. ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய். அந்த நாயின் பற்களை மறுபடி ஆராய்ந்து 2018இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். அது ஏழு மாதத்தைத் தாண்டாத குட்டி. டிஸ்டெம்பர் என்கிற கொடிய நோய் அதற்கு வந்திருக்கிறது. அந்த நோய் கண்ட குட்டி தானாகப் பல வாரம் உயிரோடு இருக்க முடியாது. யாரோ தண்ணீர் கொடுத்து, சூடு கொடுத்து, துடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத ஒரு நோயாளிக் குட்டியை, பனிக்காலத்தில், தங்களுக்கே உணவு அரிதான மனிதர்கள் பேணியிருக்கிறார்கள். பயனுக்காக மட்டும்தான் மனிதன் நாயை வைத்துக்கொண்டான் என்று யாராவது சொன்னால், இந்தக் குட்டியின் பற்களை நினைத்துக்கொள்.

நம் பக்கத்துச் சான்றும் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் நிற்கிறது. 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மப் பல்லவன் காலம். கள்வரிடமிருந்து எருமைகளைக் காக்கப் போராடி இறந்த வீரனுக்காக எடுத்த கல் அது. அந்தக் கல்லில் அவனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்வனைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வாழ்ந்து மறைந்த எத்தனையோ மனிதர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு நாயின் பெயர் கிடைத்திருக்கிறது. நன்றியைக் கல்லில் எழுதி வைத்த சமூகத்தின் பிள்ளை நீ.

இவ்வளவு காலம் கூடி வாழ்ந்ததில் நாயின் உடம்பே மாறிவிட்டது. பிளாக்கி உன்னைப் பார்த்து உள்புருவத்தைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பானே, நீ உடனே தட்டில் இருக்கும் கருவாட்டைப் போடுவாயே, அந்தப் பார்வைக்கென்றே ஒரு தசை இருக்கிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியன் காமின்ஸ்கியும் அவரோடு சேர்ந்தவர்களும் 2019இல் நாய், ஓநாய் இரண்டின் முகத் தசைகளையும் ஒப்பிட்டார்கள். நாய்களில் நன்றாக வளர்ந்திருந்த அந்தத் தசை, ஓநாய்களில் சில நார்களாகத்தான் இருந்தது. மனிதர் முகத்தைப் பார்த்து வாழ்ந்த உயிருக்கு மனிதரோடு பேசும் முகம் வாய்த்திருக்கிறது.

உடம்புக்குள் நடப்பது இன்னும் ஆழமானது. பிள்ளை பெறும்போது கருப்பையைச் சுருங்க வைப்பதும், குழந்தை வாய் வைத்ததும் பால் சுரக்க வைப்பதும் ஆக்சிடோசின் என்ற சுரப்பு. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே பற்று வளர்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஜப்பானில் அசாபு பல்கலைக்கழகத்தின் மிஹோ நாகசாவா, தகேஃபுமி கிகுசுயி குழுவினர் 2015இல் நாய்களையும் வளர்ப்பவர்களையும் ஓர் அறையில் அரை மணி நேரம் இருக்கவிட்டு, முன்னும் பின்னும் இருவரின் சிறுநீரையும் சோதித்தார்கள். எந்த ஜோடி ஒருவரை ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததோ, அந்த ஜோடியில் இந்தச் சுரப்பு மனிதருக்கும் கூடியது, நாய்க்கும் கூடியது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. பார்வை சுரப்பைக் கூட்டுகிறது, சுரப்பு பார்வையைக் கூட்டுகிறது. தாய்க்கும் கைக்குழந்தைக்கும் இடையில் ஓடும் அதே வட்டம் நமக்கும் நாய்க்கும் இடையிலும் ஓடுகிறது என்பது அவர்கள் கண்டது. ஒரே ஆய்வை வைத்து எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைக்கக்கூடாது, அதை நான் வகுப்பிலும் சொல்லுவேன். ஆனால் வேறு வழிகளில் தேடியவர்களும் இதே பக்கம்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

புடாபெஸ்டில் யோஷெஃப் தொபால் குழுவினர் 1998இல் செய்ததைப் பார். கைக்குழந்தைக்குத் தாயிடம் எவ்வளவு பற்று என்று அறிய உளவியலில் ஒரு சோதனை உண்டு. புது அறை, ஒரு அந்நியர், தாய் சிறிது நேரம் வெளியே போவார், திரும்பி வருவார். குழந்தை என்ன செய்கிறது என்று கவனிப்பார்கள். அதையே 51 நாய்களுக்குச் செய்து பார்த்தார்கள். வளர்ப்பவர் அறையில் இருந்தபோது நாய்கள் தைரியமாக அறையைச் சுற்றிப் பார்த்தன, விளையாடின. அவர் வெளியே போனதும் கதவடியில் போய் நின்றன. அவர் திரும்பியதும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டன. வளர்ப்பவர் நாய்க்குச் சோறு போடும் கை மட்டுமில்லை என்பது இதில் தெரிந்தது. அவர் பக்கத்தில் இருந்தால்தான் அதற்கு உலகம் பயமில்லாத இடம். கிகுசுயி குழுவினர் 2022இல் இன்னொன்றையும் கண்டார்கள். பல மணி நேரம் பிரிந்திருந்து வளர்ப்பவரைத் திரும்பப் பார்க்கும்போது நாயின் கண்ணில் நீர் கூடுகிறது. பழகிய வேறொருவரைப் பார்க்கும்போது அந்த அளவுக்குக் கூடுவதில்லை. நீ மாதம் ஒருமுறை ரயிலில் வந்து இறங்கி வீட்டு வாசலுக்கு வரும்போது பிளாக்கியின் கண் மினுங்குகிறது என்று நீ சொன்னால் இனி யாரும் உன்னைக் கேலி செய்ய முடியாது.

இப்போது அண்ணனின் வாதத்துக்கு வருகிறேன். தெருவில் எத்தனையோ நாய்கள் தானாக வாழவில்லையா என்று அவன் கேட்பான். நியாயமான கேள்வி. கல்கத்தாவில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவும் அவருடைய மாணவர்களும் தெருநாய்களையே வருடக்கணக்கில் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர்கள். 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளைக் கவனித்து 2016இல் எழுதினார்கள். இனப்பெருக்க வயது வரை, அதாவது ஏழு மாதம் வரை உயிரோடு இருந்தவை 19 விழுக்காடுதான். இறந்தவற்றில் 63 விழுக்காட்டுக்கு மனிதர்கள் ஏதோ ஒரு வகையில் காரணம். தெருவிலேயே பிறந்து, தாயிடம் தெருவைக் கற்றுக்கொள்ளும் குட்டிகளின் நிலையே இது. நாம் கண்ணால் பார்க்கும் தெருநாய்கள் பிழைத்த சிலது. பிழைக்காதவை நம் கண்ணில் படுவதில்லை, அதனால்தான் “பிழைத்துக்கொள்ளும்” என்று சொல்ல முடிகிறது. பிளாக்கிக்கு வயது எட்டு. பன்றிக்கு வைத்த கண்ணியும் எலிப் பாஷாணமும் அவனுக்கு எப்படித் தெரியும்? வேறு நாய்களின் எல்லைக்குள் நுழைந்தால் கடிபடுவான். எந்த மோட்டார் சத்தத்தைக் கேட்டாலும் அது நீதான் என்று ரோட்டுக்கு ஓடி வருவான்.

அதே குழுவினர் 2017இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. தெருநாய்களிடம் முன்பின் தெரியாத ஒருவர் திரும்பத் திரும்பப் போய், சிலவற்றுக்கு உணவு கொடுத்தார், சிலவற்றின் தலையைத் தடவிக் கொடுத்தார். நாளாக ஆக, உணவு வாங்கியவற்றைவிடத் தடவப்பட்ட நாய்கள்தான் அவரிடம் நம்பிக்கையோடு வந்தன. குப்பையில் இரை தேடும், கல்லடி வாங்கும் நாய்க்குக்கூட மனிதரின் கை வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க, எட்டு வருடம் உங்கள் வாசலில் படுத்தவனைக் காட்டில் விட்டு ஒரு பொட்டலம் சோறும் வைத்துவிட்டு வந்தால் கணக்கு முடிந்துவிடாது.

இது வரைக்கும் படித்தால் உனக்கு நெஞ்சு கனக்கும். வேலையை விட்டுவிட்டு லாபிசுக்கே திரும்பிவிடலாமா என்றுகூட நினைப்பாய். வேண்டாம். நாயின் பற்று ஒரே ஒருவரோடு முடிந்துபோவது என்பது சினிமாவும் கதையும் நமக்குச் சொல்லிக்கொடுத்தது. ஹங்கேரியில் தொபாலின் அதே ஆய்வுப் பள்ளியைச் சேர்ந்த மார்த்தா காச்சி குழுவினர், காப்பகத்தில் மனிதத் தொடர்பு குறைந்து கிடந்த வளர்ந்த நாய்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஆள் மூன்று தடவை, தடவைக்குப் பத்து நிமிடம், அவற்றோடு பழகினார். பிறகு நான் மேலே சொன்ன அதே அறைச் சோதனை. அந்த நாய்கள் அவரிடம் பற்றுக்கான அடையாளங்களைக் காட்டத் தொடங்கியிருந்தன. 2001இல் வந்த ஆய்வு இது. வளர்ந்த நாயின் மனதிலும் புது மனிதருக்கு இடம் உண்டு. அந்த மனிதர் அங்கே இருக்க வேண்டும், தினமும் இருக்க வேண்டும். கைவிடப்பட்ட நாய்க்குக் கிடைக்காதது இந்த இரண்டும்தான்.

அதனால் உனக்கு என் யோசனை இது. பிளாக்கி என்னிடம் இருக்கட்டும். இதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் நீ நன்றி சொல்லிவிட்டு ஒரு மாலையில் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போயிருப்பாய். அப்படிச் செய்தாலும் அவனுக்கு அது கைவிடல்தான். ஆகவே எப்படி ஒப்படைப்பது என்பதையும் படி.

முதலில், வீடு காலி ஆகும் நாளுக்கு முன்பே தொடங்கு. ஊருக்கு வரும் ஒவ்வொரு விடுமுறையிலும் அவனைச் சங்கிலியில் பிடித்து என் வீட்டுக்கு அழைத்து வா. நீ பக்கத்தில் இருக்கும்போது நான் சோறு வைக்கிறேன். நீ பக்கத்தில் இருக்கும்போது நான் அவனை நடத்திக் கூட்டிப் போகிறேன். உன் முன்னிலையில் அவன் என் வீட்டை மோந்து பார்த்துப் பழகட்டும். பிறகு நீ கடைக்குப் போவது போல் கொஞ்ச நேரம் போய் வா. நேரத்தைக் கூட்டிக்கொண்டே போ. போனவர் திரும்பி வருவார் என்று அவன் பல தடவை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, அவனுடைய பழைய சாக்கும் தட்டும் கூட வரட்டும். நீ உடுத்திய, துவைக்காத ஒரு சட்டையும் கொடு. எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் என்பவர் நாய்களுக்குப் பயிற்சி கொடுத்து, மயக்க மருந்து இல்லாமல், ஸ்கேன் எந்திரத்துக்குள் அசையாமல் படுக்க வைத்து மூளையைப் பார்த்தார். பல வாசனைகளைக் காட்டியதில், பழகிய மனிதரின் வாசனைக்குத்தான் நல்லதை எதிர்பார்க்கும் மூளைப் பகுதி அதிகமாக விழித்தது. அந்த மனிதர் அப்போது அந்த அறையில்கூட இல்லை. உன் சட்டை அவனுக்கு எவ்வளவு துணை என்று இதை வைத்து யோசித்துக்கொள்.

சாப்பாட்டு நேரத்தையும் மாற்றாதீர்கள். அம்மா எத்தனை மணிக்கு என்ன வைக்கிறாள் என்று எனக்கு எழுதி அனுப்பு. முதல் சில வாரம் அவனை வேலிக்குள்ளேயே வைத்திருப்பேன், வெளியே போனால் சங்கிலியோடுதான். நாய்கள் பழைய வீட்டைத் தேடிப் போகும், நடுவில் ரயில் பாதையும் பெரிய ரோடும் இருக்கின்றன. இரண்டொரு நாள் சாப்பிடாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். அது நடக்கும், அதற்காக நீ பதறி ஓடிவர வேண்டாம். நாள் போயும் சாப்பிடவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் நானே கொண்டு போவேன்.

ஊர் முறைமைகளும் இருக்கின்றன. லாபிஸ் மாவட்ட மன்றத்தில் அவனுக்கு எடுத்த உரிமத்தைப் புது முகவரிக்கு மாற்ற வேண்டும். நோய்த் தடுப்பூசி அட்டையை மறக்காமல் கொண்டு வா. வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு என்று 2012இல் மலேசியாவுக்குக் கிடைத்த பெயர், 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் நோய் கண்டதும் போய்விட்டது. 2017 முதல் சரவாக்கில் அது மனித உயிர்களையும் எடுத்துவிட்டது. ஊசி விஷயத்தில் அன்பு மட்டும் போதாது. அவனுக்குக் கருத்தடை செய்யவில்லை என்றால் இப்போதாவது செய்துவிடுவோம். நாம் ஒரு நாயைக் காப்பாற்றி, அது வழியாகப் பத்துக் குட்டிகள் தெருவுக்கு வந்தால் என்ன பயன்?

என் வீட்டுக்கு இரண்டு பக்கமும் மலாய்க் குடும்பங்கள் என்பது உனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள், பெருநாளுக்கு லெமாங் கொடுத்தனுப்புகிறவர்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் தங்கள் சமய முறைப்படி கழுவித் தூய்மை செய்ய வேண்டும். பிளாக்கி வேலி தாண்டி அவர்கள் வாசலில் போய் நிற்காமல் பார்த்துக்கொள்வது என் கடமை. அவர்களிடம் நானே போய் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிறேன். ஒரு விலங்கை நேசிக்கிறவருக்குப் பக்கத்து வீட்டு மனிதரின் மனதையும் பார்க்கத் தெரிய வேண்டும். நாய் வளர்ப்பில் வரும் சண்டைகளில் பாதி, நாய்க்குக் கிடைத்த அக்கறை அண்டை வீட்டுக்குக் கிடைக்காததால் வருவது.

அண்ணனுக்குச் சட்டத்தையும் சொல்லிவிடு. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017இல் நடப்புக்கு வந்துவிட்டது. வளர்க்கிறவர் தன் விலங்குக்குத் தேவையானதைச் செய்து கொடுக்க வேண்டும் என்பது அதில் கடமையாகவே இருக்கிறது. வதைத்தவருக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டுக்கு மிகாத சிறை, அல்லது இரண்டும் உண்டு. தண்டனைக்குப் பயந்து அவன் நல்லது செய்ய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வாயில்லாத உயிருக்கு நாடு இவ்வளவு மதிப்புக் கொடுத்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியட்டும்.

இனி உன்னைப் பற்றி. ‘நாயைப் பிரிவதற்கா இப்படி அழுகிறாய்’ என்று உன்னோடு தங்கியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஊரார் துக்கம் என்று ஒப்புக்கொள்ளாத துக்கங்கள் உண்டு என்று கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989இல் எழுதினார். இழப்பு இருக்கும், அழ உரிமை இருக்காது, ஆறுதல் சொல்ல ஆளும் வராது. அதனாலேயே அது நெடுநாள் உள்ளே தங்கிவிடும். உன் உடம்பில் எட்டு வருடமாக ஓடிய வட்டம் அறுபடுகிறபோது வலிக்கத்தான் செய்யும். அழு. வெட்கப்படாதே. என்னிடம் சொல்.

தனிமைக்கு ஒரு பூனைக்குட்டி வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீடுகளில் இரண்டு பூனை வரை வளர்க்கலாம் என்று சட்டம் மாறியது உண்மைதான். உரிமம் வேண்டும், வாடகைக்கு இருக்கிற உனக்கு வீட்டுக்காரர் சம்மதமும் வேண்டும். பூனைக்குப் பற்றே கிடையாது, பால் கிடைக்கும் இடத்தில் இருந்துகொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விட்டாலி 2019இல் பூனைகளுக்கும் அந்த அறைச் சோதனையைச் செய்தார். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான பூனைகள் வளர்ப்பவரிடம் உறுதியான பற்றுக் காட்டின. மனிதக் குழந்தைகளில் காணும் விகிதத்துக்குப் பக்கத்தில் அது நிற்கிறது.

ஆனாலும் இப்போது வாங்காதே என்பேன். வளர்ப்பு விலங்கு மருந்துபோல் வேலை செய்யும் என்று எங்கும் எழுதுகிறார்கள். அதற்கு ஓர் அடிப்படை உண்டு. 1980இல் எரிக்கா ஃபிரீட்மன் குழுவினர் இதய நோயாளிகள் 92 பேரை ஓர் ஆண்டு கவனித்தார்கள். விலங்கு வளர்த்த 53 பேரில் 3 பேர் இறந்தார்கள். வளர்க்காத 39 பேரில் 11 பேர் இறந்தார்கள். அதிலிருந்துதான் இந்தப் பேச்சு பெரிதானது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. நோயில்லாதவர்கள், வசதி உள்ளவர்கள்தான் அதிகம் விலங்கு வளர்க்கிறார்கள் என்றால், எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது எளிதில்லை. எல்லாவற்றையும் அலசிய அமெரிக்க இதயநலச் சங்கம் 2013இல் நிதானமாக ஒன்று சொன்னது. நாய் வளர்ப்பது இதயத்துக்கு நன்மை செய்யக்கூடும், ஆனால் அந்த நன்மைக்காகவே விலங்கைத் தத்தெடுக்கவோ வாங்கவோ கூடாது. என் கருத்தும் இதுதான். உன் குறையைத் தீர்க்க ஓர் உயிரைக் கொண்டுவந்தால், அந்த உயிரின் குறையை யார் தீர்ப்பது?

இதில் நாம் வளர்க்கும் உயிர்களுக்கும் பாரம் இருக்கிறது. சுவீடனில் லின்ஷாப்பிங் பல்கலைக்கழகத்தில் 2019இல் 58 நாய்களின் முடியையும் வளர்ப்பவர்களின் தலைமுடியையும் சோதித்து, மன அழுத்தத்தில் கூடும் கார்ட்டிசோல் அளவைப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் மனிதருக்குக் கூடியிருந்தால் நாய்க்கும் கூடியிருந்தது. நாம் வாயால் சொல்லாத கவலையும் பக்கத்தில் படுத்திருக்கும் உயிருக்குள் இறங்கிவிடுகிறது. காலை இருட்டில் கிளம்பி இரவில் திரும்பும் வேலை, எப்போது மாறும் என்று தெரியாத அறை, பிளாக்கியை நினைத்துக் கலங்கும் மனம். இந்த மூன்றும் கொஞ்சம் நிலைப்படட்டும். அதுவரை ஓய்வு நாளில் அங்குள்ள விலங்குக் காப்பகம் ஒன்றுக்குப் போய் உதவி செய். உன் கை அங்கே ஏதோ ஒரு நாய்க்குத் தேவைப்படும். மூன்று தடவை, தடவைக்குப் பத்து நிமிடம் என்ன செய்ய முடியும் என்று மேலே படித்தாய் அல்லவா?

பிளாக்கியை நான் ஏற்றுக்கொள்வதற்கு நீ எனக்குத் தரவேண்டிய வாக்குகள் சில உண்டு. முடிந்த மாதமெல்லாம் அவனைப் பார்க்க வர வேண்டும். பார்த்தால் அவனுக்குப் பழைய ஏக்கம் வருமே என்று வராமல் இருந்துவிடாதே. வந்து போகிறவரை அவன் புரிந்துகொள்வான். அவன் மருந்துச் செலவில் உன் பங்கை நீ கொடுக்க வேண்டும். பணத்துக்காகச் சொல்லவில்லை, அவன் இன்னும் உன் பொறுப்பு என்பது உனக்கு நினைவிருக்க வேண்டும். எனக்கு முடியாமல் போனால் அவன் எங்கே போவான் என்பதை இப்போதே நாம் இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். அவனுக்கு முதுமை வந்து, எழ முடியாமல், வலியில் கிடக்கும் நாள் வந்தால், மருத்துவர் சொல்வதைக் கேட்டு எது அவனுக்கு நல்லது என்று தீர்மானிக்கும்போது நீ வந்து பக்கத்தில் இருக்க வேண்டும். அதை என் தலையில் மட்டும் போடக்கூடாது.

நீ சின்னப் பிள்ளையாக அவனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது இதெல்லாம் உனக்குத் தெரியாது. தெரியாமல் தொடங்கிய பற்றுதான். இப்போது தெரிந்துவிட்டது, வயதும் வந்துவிட்டது. வாழ்க்கையில் இதைப்போல் பல இடங்களை விட்டு நீ கிளம்ப வேண்டி வரும். கிளம்புவது தப்பில்லை. நம்மை நம்பியிருந்தவர்களுக்கு ஓர் ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புவதுதான் நான் உனக்குச் சொல்லும் ஒழுக்கம். நாயிடம் அதைச் செய்யப் பழகிய பிள்ளை மனிதரிடமும் செய்வாள்.

முதல் தடவை எந்தச் சனிக்கிழமை அவனைக் கூட்டி வருகிறாய் என்று பதில் போடு. அதற்குள் வேலியின் கீழ்க் கம்பியை ஆள் வைத்து இறுக்கிவிடுகிறேன். பசியாறாமல் வா, இங்கே தோசை சுட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா